காட்டம்மாவுக்குச் சீயக்காய் தேய்த்த நாள்

கன்னியம்மா தேங்காய் நாரில் சீயக்காயைத் தொட்டுச் சாமியின் நெஞ்சில் வைத்துத் தேய்த்தாள். நான் குடத்தைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றினேன். கல்லிலிருந்து கறுப்பாக, கொழகொழவென்று ஒன்று இறங்கியது. எண்ணெய், மஞ்சள், குங்குமம், கற்பூரக் கரி, எத்தனை தலைமுறையாக அப்பியதென்று தெரியாத பிசுக்கு. இன்றைக்கும் சீயக்காய்ப் பொட்டலத்தைப் பிரித்தால் அந்த வாசனை எங்கிருந்தோ வந்து என்னைச் சங்கடப்படுத்துகிறது.

பங்குனி வெயில். காலை பத்து மணிக்கே காரைப் புதர்களின் நிழல் சுருங்கிவிட்டது. காற்று வண்டலூர்ப் பக்கமிருந்து திரும்பியபோது மிருகக்காட்சி சாலைச் சிங்கம் உறுமுவது தெளிவாகக் கேட்டது. கன்னியம்மா அதைக் காதில் வாங்கவே இல்லை.

"ஜில்லுனு இருக்கும் அவளுக்கு. எத்தினி வருசமா இந்த அழுக்கோட குந்திக்கினு கீறா, பாவம்" என்றாள்.

சாமி குளிர்ந்தால் என்ன, வெந்தால் என்ன என்றிருந்தது எனக்கு. என் கண்ணெல்லாம் கல்லின் அடிப்பகுதியில் இருந்தது. ஜோல்னாப் பையில் பெரிய காகிதம், பிரஷ், ஒரு டப்பா மை எல்லாம் தயார். அழுக்கு போனால் எழுத்து தெரியும், எழுத்து தெரிந்தால் நான் பெரிய ஆள் ஆகிவிடுவேன். அவ்வளவுதான் என் பக்தி.

இத்தனைக்கும் அன்று ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சுக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

அவசரக் குடுக்கை

மேற்குத் தாம்பரத்து ஓட்டு வீட்டில் நானும் அம்மாவும் குடியேறியதைப் போன வாரம் எழுதியிருந்தேன். அந்த வீட்டில் நான் உட்கார்ந்திருந்த நேரம் குறைவு. பெருங்களத்தூரைத் தாண்டி ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர் வேலை. மணி அடித்ததும் மற்ற டீச்சர்கள் பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போவார்கள். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏதாவது ஏரிக்கரையில் சுற்றிக்கொண்டிருப்பேன். அம்மா எனக்கு வைத்த பெயர் அவசரக் குடுக்கை. ஞானஸ்நானத்தில் வைத்த கிரேஸ் என்ற பெயரைவிட அதுதான் வீட்டில் அதிகம் புழங்கியது.

எண்பதுகளின் கடைசி அது. ஜி.எஸ்.டி. ரோட்டின் இரண்டு பக்கமும் வயல்களில் சுண்ணாம்பு அடித்த மனைக்கற்களை நட்டுக்கொண்டிருந்தார்கள். நேற்று எருமை படுத்திருந்த இடத்துக்கு இன்று ஏதோ ஒரு 'நகர்' என்று பெயர். மயிலாப்பூரிலிருந்து வருகிற உறவுக்காரர்கள், "தாம்பரமா? அது மெட்ராஸே இல்லையே" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தக் கோபத்தில்தான் டீச்சர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு சைக்ளோஸ்டைல் பத்திரிகை நடத்தினோம். எங்கள் பக்கத்துக் கோயில், குளம், ஊர்ப்பெயர், கும்மிப்பாட்டு, எது கிடைத்தாலும் எழுதினோம். ஸ்டென்சில் வெட்டுவது என் வேலை. வெள்ளிக்கிழமை மாலையானால் விரலெல்லாம் நீல மை. பாதிப் பிரதியை நாங்களே வாங்கிக்கொண்டோம். மீதிப் பாதி ஹெட்மாஸ்டர் அறையில் மின்விசிறிக் காற்றுக்கு ஃபைல்கள் பறக்காமல் இருக்கப் பாரமாகக் கிடந்தது.

அதற்கு முந்தைய மே மாத விடுமுறையில் பத்து நாள் கல்வெட்டுப் பயிற்சிக்குப் போய் வந்திருந்தேன். கல்லைக் கழுவி, ஈரக் காகிதத்தை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டி, மை ஒற்றிப் படியெடுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். பத்து நாளில் நான் கற்றது கொஞ்சம். கற்றுவிட்டதாக நினைத்தது நிறைய. அதன்பின் வழியில் எந்தக் கல்லைப் பார்த்தாலும் சைக்கிளை நிறுத்திவிடுவேன். துணி துவைக்கும் கல்லையும் விடவில்லை.

எங்கள் காடு

காடு என்றதும் நீங்கள் யானையை நினைத்தால் நான் பொறுப்பல்ல. எங்கள் காட்டில் ஆளுயரத்துக்கு மேல் மரம் கிடையாது. காரை, களா, சூரை, விராலி, அங்கங்கே ஈச்சம்புதர், நடுவில் பாறை. கோடையில் தூரத்திலிருந்து பார்த்தால் துரு ஏறிய தகரம் மாதிரி இருக்கும். ரிசர்வ் காடு என்று ஒரு போர்டு உண்டு. ஆனால் உள்ளே போனால், அந்த முள்ளுக்குள் ஒரு ஊரின் சமையலறையும் மருந்துக்கடையும் கோயிலும் இருக்கும்.

கன்னியம்மா அந்தக் காட்டுக்குப் போய் வருகிறவள். ஏரிக்கு அந்தப்புறக் காலனியில் வீடு. நாற்பது வயதிருக்கும். களாக்காய், காரைப்பழம், ஈச்சம்பழம், சூரைப்பழம் என்று எது கிடைக்கிறதோ அதைக் கூடையில் கொண்டுவந்து எங்கள் பள்ளிக்கூட வாசலில் உட்காருவாள். பிள்ளைகளைவிட நான்தான் அதிகம் தின்றேன். அப்படித்தான் பழக்கம். அவள் பேச்சில்தான் முதன்முதலில் காட்டம்மாவைக் கேள்விப்பட்டேன்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் காலனிப் பெண்கள் எல்லாரும் காட்டு விளிம்பில் இருக்கும் காட்டம்மாவிடம் போவார்கள். ஆண்கள் ஏரிக்கரையோடு நின்றுவிட வேண்டும். பூசாரி கிடையாது. மந்திரம் கிடையாது. கன்னியம்மா குடும்பத்துப் பெண்தான் எண்ணெய் வைத்துப் புதுப்புடவை சுற்றுவாள். பொங்கல் வைத்துத் தின்றுவிட்டு, பொழுது சாய்வதற்குள் அந்தப் புடவையை அவிழ்த்து அந்த வருஷம் வயிற்றில் பிள்ளையோடு இருக்கிற பெண்ணுக்குக் கொடுப்பார்கள். பிறக்கிற குழந்தைக்கு அதில்தான் தூளி கட்ட வேண்டும். அந்தத் தூளியில் கிடக்கிற பிள்ளை தங்கும் என்பது அவர்கள் கணக்கு.

கன்னியம்மாவின் மகள் ராணிக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. இரண்டு முறையும் ராணி மாமியார் வீட்டில் இருந்தாள். இரண்டு முறையும் புடவை கிடைக்கவில்லை. இப்போது மூன்றாவது உண்டாகி அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். இந்த ஆடிக்குப் புடவை ராணிக்குத்தான் என்று காலனி முழுக்கப் பேசி வைத்தாயிற்று.

ஒருநாள் கன்னியம்மா என்னைக் காட்டம்மாவிடம் கூட்டிப்போனாள். இடுப்புயரக் கறுப்பு மொத்தை ஒன்று. அடியில் எண்ணெய்ப் பிசுக்கு பெயர்ந்த இடத்தில் இரண்டு எழுத்துக்கள் தெரிந்தன. எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது.

ஆடியைத் தவிர வேறு நாளில் அவளைத் தொடக்கூடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், "அக்கா, ராணிக்காக ஒருதரம் சாமியை நல்லா குளிப்பாட்டினா என்ன?" என்று கேட்டேன். கன்னியம்மா இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் சரி என்றாள். ராணியின் பெயரைச் சொன்னால் மறுக்கமாட்டாள் என்று கணக்குப் போட்டுத்தான் கேட்டேன். இதை எழுதுவதற்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மீசை

ஆக, சீயக்காய். நாலு குடம் தண்ணீர் ஆயிற்று. கன்னியம்மா ஏரிக்கும் கல்லுக்குமாக நடந்து நடந்து கொண்டுவந்தாள். புளியைக் கரைத்து ஒரு தேய்ப்பு, மறுபடி சீயக்காய். முதலில் ஒரு கை வெளியே வந்தது. கையில் வில். இன்னொரு கையில் குறுவாள். பிறகு இடுப்புக் கச்சை. கடைசியாக முகம். தேய்ந்துபோன முகம்தான், ஆனால் முறுக்கின மீசை மட்டும் அப்படியே இருந்தது.

கன்னியம்மாவின் கை நின்றது.

நான் அவளைப் பார்க்கக்கூட இல்லை. காகிதத்தை நனைத்து ஒட்டித் தட்ட ஆரம்பித்துவிட்டேன். சிதைந்தும் சிதையாமலும் மூன்று வரி. மாட்டு மந்தையைக் கவர்ந்து போனவர்களோடு சண்டையிட்டு, மீட்டு, செத்துப்போன ஒருவனின் கல். பெயர் இருந்த இடம் பொரிந்துவிட்டிருந்தது. ஆயிரம் வருஷம் இருக்கும் என்று கூவினேன். அக்கா, இது அம்மன் இல்லை, ஒரு வீரன், ஆம்பளை என்றேன். பரீட்சையில் நூறு வாங்கின பிள்ளை மாதிரி குதித்தேன்.

அவள் முந்தானையால் அந்த முகத்தை மெதுவாகத் துடைத்தாள். மீசையையும் துடைத்தாள்.

"சண்டைக்குப் போறவ புடவையோடவா போவா? ஆம்பள வேசம் கட்டிக்கினு போயிருக்கா. வூட்டுக்குத் திரும்ப வந்தப்புறம் நாங்க புடவை கட்டிவுடறோம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தும்விட்டேன். பாவம், விவரம் தெரியாதவள் என்று நினைத்தேன். ஒரு நொடியில் அவள் தன் சாமியைக் காப்பாற்றிக்கொண்டாள் என்பது புரிய எனக்குப் பல வருஷம் பிடித்தது. எங்கள் பத்திரிகைக்காரர்கள் நாலு பேரும் சேர்ந்து எழுதிய எந்தக் கதையும் அந்த இரண்டு வரிக்கு ஈடில்லை.

நாலு பக்கப் பத்திரிகை

சைக்ளோஸ்டைலில் போட எனக்கு மனம் வரவில்லை. தாம்பரம் வட்டாரத்துக்கென்று நாலு பக்க வார இதழ் ஒன்று அப்போது வந்துகொண்டிருந்தது. அதற்கு எழுதி அனுப்பினேன். மறுவாரமே வந்துவிட்டது, இரண்டாம் பக்கத்தில், என் பெயர் தடித்த எழுத்தில். பத்துப் பிரதி வாங்கி சர்ச்சில்கூடக் கொடுத்தேன். அம்மா மட்டும் முழுதாகப் படித்துவிட்டு, "அந்தப் பொம்பளைகிட்ட கேட்டுட்டுப் போட்டியா?" என்றாள். இதற்கெல்லாமா கேட்பார்கள் என்று சொல்லிவிட்டேன்.

கட்டுரையில் ஒரு வாக்கியம்: 'இப்பகுதிப் பெண்கள் இவ்வீரனைப் பெண் தெய்வம் எனத் தவறாகக் கருதிப் புடவை சாத்தி வருகின்றனர்.' கன்னியம்மா சொன்னதை நான் எழுதவில்லை. ஆராய்ச்சிக் கட்டுரையில் அதற்கு இடமில்லை என்று நினைத்தேன்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்பார்கள். அந்த ஆண்டி நான்தான்.

மாணிக்கம் என்று ஒருவர். ஊரில் பெரிய தலை. கூடுவாஞ்சேரி வரைக்கும் மனை போட்டு விற்பவர். காட்டு விளிம்பில் அவருடைய புது லேஅவுட் ஒன்று விலைபோகாமல் கிடந்தது. அவர் கட்டுரையைப் படித்தார். வைகாசியில் ஒரு டிராக்டர், ஒரு சங்கிலி, ஆறு ஆட்கள். கல்லைப் பெயர்த்துக்கொண்டுபோய் லேஅவுட் நுழைவாயிலில் சிமென்ட் மேடை கட்டி நிறுத்திவிட்டார். வேட்டி கட்டினார்கள். மீசைக்குக் கறுப்பு பெயின்ட் அடித்தார்கள். அந்த ஆறு ஆட்களில் நாலு பேர் காலனி ஆண்கள். தினக்கூலிக்கு அவரிடம் போகிறவர்கள், என்ன பேசுவார்கள்? பெண்கள் போய்க் கேட்டதற்கு, ஆம்பளை சாமிக்குப் பொம்பளை புடவை கட்டுவதா, பேப்பரிலேயே வந்துவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். தினமும் பூஜைக்கு ஒரு பூசாரி வந்தார். பெண்கள் மேடை ஏறக்கூடாது என்று ஒரு கயிறும் வந்தது.

எனக்கு விஷயம் தெரிந்தது மனை விற்பனை நோட்டீஸைப் பார்த்துத்தான். 'ஆயிரம் ஆண்டு வீரன் காவல் காக்கும் மண்ணில் உங்கள் மனை' என்று போட்டிருந்தது. வகுப்பை அப்படியே விட்டுவிட்டு சைக்கிளை மிதித்தேன்.

மாணிக்கம் மரியாதையான மனிதர். எழுந்து நின்று வணங்கினார், நாற்காலி போட்டார், கூல்டிரிங்ஸ் வாங்கிவரச் சொன்னார். மேடைச் சுவரில் பளிங்குக் கல் பதித்திருந்தார்கள். அதில் 'கண்டுபிடித்தவர்' என்று என் பெயர், முன்னால் நான் வாங்காத 'புலவர்' பட்டத்தோடு.

அந்தக் கல்லைப் பழைய இடத்திலேயே வைத்துவிடுங்கள், அது அந்தப் பெண்களுடையது என்றேன். அவருக்கு உண்மையாகவே புரியவில்லை.

"நீங்க எழுதினதுதான் மேடம். நான் ஒரு எழுத்துகூட மாத்தல" என்றார்.

வார இதழுக்கு ஒரு மறுப்பு எழுதிக்கொண்டு ஓடினேன். கடைசிப் பக்கம் முழுக்க வாராவாரம் யார் விளம்பரம் என்று ஆசிரியர் விரலால் தட்டிக் காட்டினார். மறுப்பு வரவே இல்லை.

ராணி படித்துக் காட்டியது

பள்ளிக்கூட வாசலில் கூடை இல்லை. ஒரு வாரம், இரண்டு வாரம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வகுப்பில் பாடம் நடத்தும்போதே கண் ஜன்னலுக்குப் போகும். அம்மா ஜெபம் செய்யச் சொன்னாள். எந்தச் சாமியிடம் என்ன கேட்பது என்றே தெரியவில்லை.

ஆனி மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலனிக்குப் போனேன். கன்னியம்மா வாசலில் உட்கார்ந்து ஈச்சம் ஓலையைக் கிழித்துக்கொண்டிருந்தாள். ராணி சுவரில் சாய்ந்து நின்றாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டாள்.

உட்காரச் சொல்லவில்லை. நானாக மண்ணில் உட்கார்ந்தேன். அழுகையும் வந்தது. மன்னிச்சிடுங்கக்கா, தெரியாமல் செய்துவிட்டேன் என்று என்னென்னவோ சொன்னேன். அவள் ஓலையைக் கிழித்துக்கொண்டே இருந்தாள். ராணி எட்டாவது படித்தவள். பேப்பரை ஒருத்தர் கொடுத்துவிட்டுப் போக, அதை எழுத்துக்கூட்டி அம்மாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள். இரண்டு முறை.

"நீ படிச்சத எழுதின. சரி" என்றாள் கன்னியம்மா. "நா சொன்னத ஏன் எழுதல?"

அவள் சொன்னதை நான் அறிவென்று நினைக்கவில்லை. இதை எப்படி ஒருத்தியின் முகத்தைப் பார்த்துச் சொல்வது?

"ஆடிக்கு இன்னா பண்றதுன்னு கீது எனக்கு. வவுத்துப் புள்ள கேக்குமா, பேப்பர்ல வந்துடுச்சுன்னு?"

வேட்டி கட்டின அந்தச் சாமியிடமிருந்து புடவை வராது. புடவை இல்லாமல் தூளி இல்லை. இரண்டு பேரப்பிள்ளைகளைக் குழியில் வைத்தவளிடம் போய், இதெல்லாம் நம்பிக்கைதானே அக்கா, குழந்தை நல்லபடியாகப் பிறக்கும் என்று நான் சொன்னேன் பாருங்கள், அதைப்போல ஒரு மடத்தனத்தை வாழ்க்கையில் செய்ததில்லை. அவள் ஓலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

உன் வேலையைச் செய்

ஆடி பிறந்து மூன்றாவது வாரம் இருக்கும். பள்ளிக்கூடத்துக்கு ஒரு சின்னப் பெண்ணை அனுப்பியிருந்தாள் கன்னியம்மா. ஞாயிற்றுக்கிழமை காலையில் டீச்சரை வரச்சொல்லு, பையெல்லாம் வேண்டாம், வெறுங்கையோடு வரச்சொல்லு என்று.

போனேன். ஏரிக்கரையில் ஆண்கள் பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதைத் தாண்டிப் பெண்கள், இருபது பேர் இருக்கும், தலையில் பானையும் விறகுமாக நடந்துகொண்டிருந்தார்கள். நானும் பின்னால் போனேன். பழைய இடத்துக்குப் போகவில்லை. முள்ளை விலக்கி விலக்கி வேறு எங்கோ உள்ளே போனோம். என் புடவை இரண்டு இடத்தில் கிழிந்தது.

ஒரு சரிவில் இடத்தைப் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். நடுவில் ஒரு கல். முழங்கால் உயரம், மேலே கொஞ்சம் கூம்பி, ஒரு பக்கம் பாசி. எண்ணெய் இன்னும் வைக்கவில்லை. புதுப்புடவை மடிப்புக் கலையாமல் தட்டில் இருந்தது. மாம்பழ மஞ்சள், சிவப்புக் கரை. ராணி பக்கத்தில் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நானே தேடி எடுத்தேன். பத்து நாளா காட்டையே சல்லடை போட்டேன்" என்றாள் கன்னியம்மா. பிறகு என்னைக் கல்லுக்கு முன்னால் உட்காரச் சொன்னாள்.

"உன் வேலைய இப்ப செய்யி டீச்சர். நல்லா தடவிப் பாரு. எழுத்து எதனா கீதுன்னா இப்பவே சொல்லிடு. வேற கல்லு பாத்துக்கறேன்."

குத்திக்காட்டத்தான் சொல்கிறாள் என்று முதலில் நினைத்தேன். இல்லை. இருபது பேரும் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராணியும் பார்த்தாள். அன்றைக்கு அவர்களுக்கு வேண்டியிருந்தது, எவனும் வந்து படித்துவிட முடியாத ஒரு சாமி. அதைச் சொல்லக்கூடிய ஆள் அந்தக் கூட்டத்தில் நான் ஒருத்திதான்.

தடவினேன். முன்பக்கம், தலை, இரண்டு விலா. சொரசொரவென்று வெறும் கல். கையைப் பின்பக்கம் கொண்டுபோனேன். மண்ணுக்குச் சற்று மேலே விரல் ஒரு கோட்டில் விழுந்தது. நேரான கோடு. அதற்குப் பக்கத்தில் வளைவாக இன்னொன்று. வேர் உரசியதாக இருக்கலாம். தண்ணீர் அரித்ததாக இருக்கலாம். உளியாகவும் இருக்கலாம். எழுந்து அந்தப் பக்கம் போய்க் குனிந்து ஒரு பார்வை பார்த்தால் தெரிந்துவிடும். என் கால் துடித்த துடிப்பு எனக்குத்தான் தெரியும்.

கையை எடுத்துவிட்டேன்.

"ஒண்ணும் இல்லக்கா" என்றேன்.

"நல்லா பாத்தியா?"

"பாத்துட்டேன். வெறும் கல்லுதான்."

கன்னியம்மா புடவையைப் பிரித்தாள். எண்ணெய் வைத்து, மஞ்சள் பூசி, கொசுவம் வைத்துக் கட்டினாள். பெண்கள் குலவை போட்டார்கள். யாரோ என் கையில் ஒரு இலையில் பொங்கலைக் கொடுத்தார்கள். சாயங்காலம் அந்தப் புடவையை அவிழ்த்து ராணியின் தோளில் போட்டபோது அவள் அழுதாள். நானும்தான்.

ஆவணிக் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. தங்கியது. இப்போது பொத்தேரியில் ஒரு காலேஜ் ஆபீஸில் வேலை பார்க்கிறாள், என்னைப் பெரியம்மா என்று கூப்பிடுகிறாள்.

கன்னியம்மா போன வருஷம் காலமாகிவிட்டாள். அவள் சொன்னதை எழுதாமல் விட்ட குறையை இந்த வாரம் தீர்த்துவிட்டேன். பத்திரிகை ஆபீஸிலிருந்து அந்தக் கல்லின் படம் கேட்டார்கள். படம் இல்லை. அந்த இடம் எங்கே இருக்கிறதென்று கேட்டு வாசகர்கள் யாரும் கடிதம் போடவும் வேண்டாம். சொல்லமாட்டேன்.